கிற்றார் பழகப் புகுவோர்க்கு

சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்துப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலே, எமது வீடுகள் பலவற்றுள் ஒரு கிற்றார் வந்து புகுந்துவிடுகின்றது. முதல் வாரம் அதன் ஒலி வீதிவரை கேட்கின்றது. இரண்டாம் வாரம் அறைக்கதவு சாத்தப்படுகின்றது. மூன்றாம் வாரம் முடியுமுன்னரே வாத்தியம் சுவரிலுள்ள ஆணியிற் குடியேறிவிடுகின்றது. "இவனுக்குச் சங்கீதம் வராது" என்று வீட்டார் தீர்ப்பளித்துவிடுகின்றனர். செலவான காசைப் பற்றி நாம் அதிகம் வருந்தவில்லை. அந்தத் தீர்ப்பைப் பிள்ளையும் நம்பிவிடுகின்றதே, அதற்காகவே வருந்துகின்றோம். பதினாறு வயதில் நம்பியதை அறுபது வயதிலும் சொல்லிக்கொண்டிருப்போர் எத்தனை பேர்!

அவ்வாறு கைவிட்டவர்களோடு சற்றே பேசிப் பார்த்தால் ஓருண்மை புலனாகும். விரல்களை வைக்கும் நிலைகள் இருபது முப்பதைப் படம் பார்த்து அவர்கள் கொப்பியிலே எழுதி வைத்திருப்பர். ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்டால் வைத்தும் காட்டுவர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாளந் தப்பாது மாறச் சொல்லுங்கள், அங்கேதான் தடுமாறுவர். பாட்டு என்பது அந்த மாற்றத்திலே இருக்கின்றது. ஆகையால் நிலைகளைக் குறைத்து, மாற்றங்களைப் பெருக்கிப் பழகுவது எப்படி என்பதையே இவ்வாரம் எடுத்துக்கொள்கின்றோம்.

கிற்றாரிலே பல தந்திகளை ஒருசேர மீட்டும்போது எழுகின்ற சுரக்கூட்டை ஆங்கிலத்திலே கோர்ட் என்பர். (வழக்காடுகின்ற கோர்ட்டுக்கும் இதற்கும் உறவில்லை, இரண்டிலும் பொறுமை வேண்டும் என்பது வேறு விடயம்.) எமது சங்கீதம் ஒரு சுரத்திலிருந்து மறுசுரத்துக்கு வழுக்கியும் வளைந்தும் செல்வது, மேனாட்டுச் சங்கீதமோ சுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்துவது. அடுக்கு என்றவுடன் அஞ்ச வேண்டியதில்லை. சட்சம், அந்தர காந்தாரம், பஞ்சமம் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஒலித்தால் அது மேஜர்க் கூட்டு. அந்தர காந்தாரத்துக்குப் பதிலாகச் சாதாரண காந்தாரத்தை வைத்தால் மைனர்க் கூட்டு. முன்னது தெளிந்த முகம். பின்னது சற்றே வாடிய முகம். வீட்டிலே சுருதிப்பெட்டி வைத்துப் பாடுகின்ற அக்காவோ அத்தையோ இருந்தால், அந்த மூன்று சுரங்களையும் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறு தந்திகளுட் சிலவற்றை விரலால் அழுத்தியும், சிலவற்றைத் தொடாமலே விட்டும் வாசிக்கின்ற கூட்டுகளைத் திறந்த நிலைக் கூட்டுகள் என்று சொல்வர். முதன்முதற் பழக வேண்டியவை இவையே. விரல் படாத தந்தி இயல்பாகவே நிறைந்த ஒலி தருவதும், வாசிப்பவரின் விரல்களுக்கு வேலை குறைவதும் இதற்குக் காரணம். தமிழருக்கு இது முற்றிலும் புதிய வித்தையன்று. எமது பழைய யாழிலே ஒவ்வொரு நரம்பும் தனக்குரிய ஒரு சுரத்தையே திறந்து ஒலித்தது. காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் அந்த யாழைப் பற்றி ஆராய்ந்தெழுதிய யாழ்நூல் 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. வீணையிலோ ஒரே தந்தியை மெட்டுகளின்மேல் அழுத்திப் பல சுரங்களைப் பெறுகின்றோம். ஆயினும் பக்கத்திலுள்ள மூன்று தாளத் தந்திகளை அழுத்தாமலே மீட்டுகின்றோம். கிற்றாரின் திறந்த நிலைக் கூட்டிலே யாழின் முறையும் வீணையின் முறையும் ஒரு கையிலேயே சேர்ந்துவிடுகின்றன. வீணைக்கு வழங்கும் மெட்டு, பிருடை, குதிரை என்னுஞ் சொற்களையே கிற்றாரின் உறுப்புகளுக்கும் நாம் இங்கே வழங்குகின்றோம்.

இனி, வாத்தியம். பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி, எந்தக் கிற்றார் வாங்குவது என்பதே. தொடக்கத்தில் நைலோன் தந்தியுள்ளதே விரலுக்கு இதமானது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு முக்கால் அளவுக் கிற்றார் போதும். விலையைவிட முக்கியமானது தந்திக்கும் மெட்டுக்கும் இடையிலுள்ள உயரம். பன்னிரண்டாம் மெட்டிலே அந்த இடைவெளி ஏறத்தாழ 3 அல்லது 4 மில்லிமீற்றர் இருக்கலாம். அதற்கு மிக மேற்பட்டிருந்தால், எந்தப் பிள்ளையும் மூன்றாம் வாரத்திலே ஓடிவிடும். குற்றம் பிள்ளையினுடையதன்று. வாங்குமுன் வாசிக்கத் தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று அழுத்திப் பார்க்கச் செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. நைலோன் தந்திக்காகச் செய்யப்பட்ட கிற்றாரிலே, ஒலி பெரிதாக வரட்டுமென்று உருக்குத் தந்திகளைப் பூட்டுவோர் உளர். உருக்குத் தந்தியின் இழுவிசை நைலோனுக்குரியதைக் காட்டிலும் மிகப் பெரிது. தண்டு வளைந்துவிடும், குதிரை பெயர்ந்து கையோடு வந்துவிடும். இவ்வாறு கெட்டுப்போன வாத்தியங்கள் எத்தனையோ வீடுகளிலே பரண்மேற் கிடக்கின்றன. நைலோன் வருமுன்னர், மெல்லிய தந்திகளாகக் குடல்நரம்பையே பூட்டி வந்தனர். இரண்டாம் உலகப் போரின் பின்னரே, 1940ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில், நைலோன் அவ்விடத்தைப் பிடித்தது. அத்தகைய மெல்லிய உடம்பின்மேல் உருக்கை ஏற்றுவது, மாட்டுவண்டியிலே லொறிச் சுமையை ஏற்றுவது போலாகும்.

சுருதி சேர்க்காத கிற்றாரிலே எவ்வளவு பழகினாலும் காது கெடுமேயன்றி வேறு பயனில்லை. நாளும் வாத்தியத்தைக் கையில் எடுத்தவுடன் முதல் வேலை சுருதி சேர்ப்பது. வாத்தியத்தை மடியில் வைத்திருக்கும்போது தரைக்கு அண்மையிலுள்ள மெல்லிய தந்தியே முதலாம் தந்தி. முகத்துக்கு அண்மையிலுள்ள தடித்தது ஆறாம் தந்தி. பழகப் புகுவோர் பலர் இதனைத் தலைகீழாக எண்ணித் திண்டாடுகின்றனர். ஆறாவதிலிருந்து முதலாவது வரை அவற்றின் பெயர்கள் ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ. கைத்தொலைபேசியிலே சுருதி காட்டுஞ் செயலிகள் இக்காலத்தில் உள்ளன. அவற்றை வைத்துச் சேர்ப்பதிலே இழுக்கொன்றுமில்லை. எனினும் காதாலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்க. ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் வருவது திறந்த ஐந்தாம் தந்தியின் சுரம். அவ்வாறே ஐந்தாவதிலிருந்து நான்காவதும், நான்காவதிலிருந்து மூன்றாவதும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதைச் சேர்க்கையில் மட்டும் நான்காம் மெட்டு. பின்னர், இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு மறுபடியும் ஐந்தாம் மெட்டு. இந்தச் சிறு வேலை ஒரு மாதத்திலே காதுக்குச் செய்யும் நன்மையை வேறெதுவும் செய்வதில்லை.

முதல் மாதத்துக்கு நான்கே நான்கு கூட்டுகள் போதும்: ஈ மைனர், ஜீ, சீ, டீ. ஐந்தாவதைக் கேட்டு வருகின்ற மாணவ நண்பர்களிடம் நாம் கண்டிப்பாகவே இருக்க விரும்புகின்றோம்.

ஈ மைனரிலே தொடங்குக. ஐந்தாம் தந்தியிலே இரண்டாம் மெட்டில் நடுவிரல். நான்காம் தந்தியிலே அதே மெட்டில் மோதிரவிரல். வேறொன்றுமில்லை, ஆறு தந்தியையும் மீட்டலாம். முதல் நாளிலேயே ஒரு முழுக் கூட்டு கையில் வந்துவிட்டதென்னும் மகிழ்ச்சி பிள்ளைக்கு மிக அவசியம்.

அடுத்தது ஜீ. நடுவிரலை எடுக்காதீர்கள், அஃது ஐந்தாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலேயே இருக்கட்டும். மோதிரவிரலை ஆறாம் தந்தியின் மூன்றாம் மெட்டுக்குக் கொண்டுசென்று, சின்னிவிரலை முதலாம் தந்தியின் மூன்றாம் மெட்டில் வையுங்கள். சின்னிவிரல் முதலில் முரண்டு பிடிக்கும். அதனால் பல நூல்கள் சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் என்னும் மூன்றாலும் ஜீயை வைக்கச் சொல்லுகின்றன. நாம் சின்னிவிரலையே விரும்புகின்றோம். காரணம், அடுத்துவரும் சீயிலே விளங்கும்.

சீக்கு வருவோம். ஜீயிலே ஆறாவதிலும் ஐந்தாவதிலும் இருந்த மோதிரவிரலும் நடுவிரலும், தம் வடிவம் மாறாமலே, ஒவ்வொரு தந்தி கீழிறங்குகின்றன. அதாவது மோதிரவிரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் மெட்டுக்கும், நடுவிரல் நான்காம் தந்தியின் இரண்டாம் மெட்டுக்கும் வருகின்றன. சின்னிவிரல் எழுந்துவிட, சுட்டுவிரல் இரண்டாம் தந்தியின் முதல் மெட்டிலே அமர்கின்றது. ஆறாம் தந்தியை மீட்டாது ஐந்தாவதிலிருந்து மீட்டுக.

டீக்கு, மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலே சுட்டுவிரல், இரண்டாம் தந்தியின் மூன்றாம் மெட்டிலே மோதிரவிரல், முதலாம் தந்தியின் இரண்டாம் மெட்டிலே நடுவிரல். நான்காம் தந்தியிலிருந்து மீட்டுக. நான்கனுள் இஃதொன்றே மற்றவற்றோடு உறவில்லாமற் புதிதாக அமைவது. ஆகையால் இதற்கு நாட்கள் கூடுதலாகச் செல்லும்.

மெட்டின் மேலேயே விரலை வைத்தால் ஒலி மங்கும். மெட்டிலிருந்து வெகுதூரம் பின்னே வைத்தால் தந்தி இரையும். மெட்டை ஒட்டினாற்போல, அதற்குச் சற்றுப் பின்னே, விரலின் நுனி செங்குத்தாக ஊன்ற வேண்டும். இடக்கை நகங்களை ஒட்ட வெட்டாதவர்களுக்கு இது கைகூடாது. கூட்டை வைத்தபின் ஒவ்வொரு தந்தியாக மெல்லத் தட்டிப் பாருங்கள். ஏதாவதொன்று ஊமையாயிருந்தால், பெரும்பாலும் பக்கத்து விரல் சாய்ந்து அதனைத் தொட்டுக்கொண்டிருக்கும். இன்னும் அழுத்துவதில் பயனில்லை. விரலை நிமிர்த்த வேண்டும்.

இப்பொழுது மாற்றத்துக்கு வருவோம். இதற்கு நாம் சொல்லும் பயிற்சி மிகவும் எளியது. கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு நிமிடத்திலே ஈ மைனரிலிருந்து ஜீக்கும், ஜீயிலிருந்து ஈ மைனருக்கும் எத்தனை முறை மாறுகின்றீர்கள் என்று எண்ணுங்கள். எண்ணிக்கையைக் கொப்பியிலே திகதியிட்டு எழுதுங்கள். முதல் நாள் எட்டு வரலாம், ஐந்து வரலாம். வெட்கப்பட வேண்டியதில்லை. முப்பதை எட்டியதும் அந்தச் சோடி பாட்டுக்கு ஆயத்தமாகிவிட்டதென்று கொள்ளலாம். பின் ஜீயும் சீயும். பின் ஜீயும் டீயும். கடைசியாகச் சீயும் டீயும். கூட்டுகளைத் தனித்தனியே எண்ணாமல், சோடிகளை எண்ணுங்கள். "எனக்கு நான்கு கூட்டுத் தெரியும்" என்பவனைவிட "எனக்கு மூன்று சோடி வரும்" என்பவனே இசைக்குக் கிட்ட நிற்கின்றான்.

மாறும்போது விரல்கள் ஒவ்வொன்றாகப் போய் இறங்குவது தொடக்கத்தில் இயல்பு. அது நாளடைவில் நீங்கி எல்லா விரலும் ஒருங்கே இறங்க வேண்டும். இதற்கும் ஒரு வழியுண்டு: கூட்டை வைத்து, விரல்களைத் தந்தியிலிருந்து ஒரு நெல்லளவு உயர்த்தி, அதே வடிவத்தில் மறுபடி இறக்குங்கள். பத்து முறை. விரல்களை வெகு தூரம் எறிந்துவிட்டுத் தேடிப் பிடிப்பதாலேயே பாதி நேரம் வீணாகின்றது.

நாம் எல்லாவற்றுக்கும் மேலாக வற்புறுத்துவது வலக்கையைப் பற்றி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒருமுறை மேலிருந்து கீழாக மீட்டுங்கள். இடக்கை அடுத்த கூட்டுக்குப் போய்ச் சேராவிட்டாலும் வலக்கை நிற்கலாகாது. திறந்த தந்திகளே ஒலித்துப் போகட்டும். இரண்டு விரல்தான் இறங்கிற்றென்றால் இரண்டு விரலோடே போகட்டும். கேட்பவர் தப்பான சுரமொன்றை மன்னித்துவிடுவார். பாட்டு நடுவழியிலே நின்று, இடறி, மறுபடி தொடங்குவதை எவரும் மன்னிப்பதில்லை. கூடப் பாடுகின்றவருக்கு மூச்சே முட்டிப்போகும். கச்சேரியிலே மிருதங்க வித்துவான் தாளத்தை விட்டுவிட்டு மற்றவருக்காகக் காத்திருப்பதை எங்கேயாவது கண்டதுண்டா? ஆகையால் எண்ணிக்கையை மெதுவாக்குங்கள். மிக மெதுவாகவே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்த மட்டும் வேண்டாம். மூன்றாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையிலுள்ள மதிலை ஏறிக் கடப்பதற்கு எமக்குத் தெரிந்த ஏணி இதுவே.

நான்கு கூட்டுகளைக் கொண்டு என்ன பாட்டு வாசிக்கலாம் என்று கேட்பீர்கள். ஜீயைச் சட்சமாகக் கொள்ளுங்கள். அப்பொழுது ஜீக் கூட்டிலே ச, க, ப உண்டு. சீக் கூட்டிலே ம, த, ச. டீக் கூட்டிலே ப, நி, ரி. மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். சங்கராபரணத்தின் ஏழு சுரங்களும் அவற்றுள் அடங்கிவிட்டன! மேனாட்டு எளிய பாட்டுகள் ஆயிரக்கணக்கானவை மூன்றே கூட்டுகளில் நடப்பதன் இரகசியம் இதுதான். பாட்டின் சுரம் எதுவாயினும் அதனைத் தாங்குவதற்கு இம்மூன்றனுள் ஒன்று இருக்கும். ஈ மைனர் த, ச, க என்பவற்றைக் கொண்டு, நடுவே சற்று நிழல் தருகின்றது.

கர்நாடக சங்கீதம் பயின்ற பிள்ளைகள் இதனைத் தம் பாடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். முத்துசுவாமி தீட்சிதர், தம் காலத்து ஆங்கில வாத்தியக் குழுக்கள் வாசித்த இசைகளுக்குச் சமஸ்கிருதத்திலே சாகித்தியம் செய்தார். நோட்டுசுவரம் என்று வழங்கும் அவை சங்கராபரணத்திலே, கமகமின்றி நேர்ச்சுரங்களாக நடப்பவை. தங்கை நோட்டுசுவரமொன்றைப் பாட அண்ணன் மூன்று கூட்டுகளால் துணைசெய்யலாம். தோடியையும் பைரவியையும் இவ்வாறு கட்டிவைக்க முயலவேண்டாம். கமகம் அசைந்து கொண்டிருக்கும்போது கூட்டு அசையாமல் நிற்கும்; இரண்டுக்கும் ஒத்துவராது.

எமது நாட்டிலே வேறொரு பெருஞ் செல்வமும் உண்டு. 1505ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் இங்கு வந்ததன் எச்சமாக, மட்டக்களப்புப் பறங்கியரிடையே கபிரிஞ்ஞா ஆட்டப்பாட்டு நிலைத்தது. அந்த மரபோடு உறவுடைய பைலா நாடெங்கும் பரவியது. பைலாப் பாட்டுகள் பல இரண்டு அல்லது மூன்று கூட்டுகளுக்கு மேற் கேட்பதில்லை. 1970ஆம் ஆண்டுகளிலே நித்தி கனகரத்தினம், 2018இல் மறைந்த ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் பாடிப் பரப்பிய ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசையும் அதே நடையைத் தழுவியது. அந்தப் பாட்டுகளை அறியாத மாமாமார் எங்கே இருக்கின்றனர்? கலியாண வீட்டிலே பந்தலின்கீழ் ஒருவன் ஜீயையும் டீயையும் தாளந் தப்பாமல் வாசிப்பானாகில், பாடுவதற்கு ஆள் தேட வேண்டியிராது. பைலாவின் நடை ஆறெண்ணிக்கை கொண்டது. அதனை இரண்டாம் மாதத்திற் பழகுக.

விரல் நோவைப் பற்றி அன்னையர் அஞ்சுகின்றனர். விரல்நுனியிலே தோல் கன்றுவதும், எரிவதும், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் அவ்விடம் தடித்து நோவு நீங்குவதும் இயல்பே. கொப்புளம் எழுந்தால் அது ஆறும்வரை விட்டுவிடுக. மணிக்கட்டு நோவது, பெருவிரலின் அடி இறுகுவது, விரல் மரத்துப்போவது ஆகியவை அவ்வாறல்ல. அவை தோன்றினால் உடனே நிறுத்தி, இருக்கையையும் கையின் வளைவையும் சரிசெய்ய வேண்டும். நீங்காவிட்டால் வைத்தியரிடங் காட்டவேண்டும். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதுமானது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணிநேரம் வாசிப்பவரின் விரல்நுனி, திங்கள் தொடக்கம் சனி வரையில் மறுபடி மென்மையாகிவிடும், கற்றதும் அவ்வாறே. படிப்புக் கெட்டுவிடுமோவென்று கேட்கும் தந்தையார்க்கும் இந்தப் பதினைந்து நிமிடமே எமது விடை.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. விருந்தினர் வந்தவுடன் "எங்கே, ஒரு பாட்டு வாசி பார்ப்போம்" என்று முதல் மாதத்திலே பிள்ளையை இழுத்து நிறுத்தாதீர்கள். ஒரே மாற்றத்தை நூறுமுறை கேட்பது வீட்டாருக்குச் சலிப்புத்தான். அதற்குக் கதவைச் சாத்தலாம், வாயை அடக்கலாம். அதைவிடச் சிறந்தது, கூட இருந்து பாடுவது. தாயார் மெதுவாக ஒரு தேவாரத்தையல்ல, ஒரு தாலாட்டையோ பிள்ளைப் பாட்டையோ நேரான சுரங்களிற் பாடினால், பிள்ளையின் வலக்கை தானாகவே நிற்காமல் ஓடும். தனியே பழகுகின்ற பிள்ளை நின்று நின்று வாசிக்கப் பழகிவிடுகின்றது. பாடுகின்றவர் ஒருவர் எதிரே இருந்தால் நிற்க முடியாது.

இரண்டாம் மாதத்திலே ஏ மைனரைச் சேர்த்துக்கொள்க. சீயிலே சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்க, மோதிரவிரலை மட்டும் மூன்றாம் தந்தியின் இரண்டாம் மெட்டுக்கு நகர்த்தினால் அது ஏ மைனர். அந்த வடிவம் முழுவதையும் ஒரு தந்தி மேலே தூக்கினால், ஈ மேஜர். இவ்வாறு ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும்.

எவ் என்னும் கூட்டைப் பற்றியே பலர் கலங்குகின்றனர். சுட்டுவிரலைக் கிடையாகப் படுக்கவைத்து ஆறு தந்தியையும் ஒருங்கே அழுத்த வேண்டிய கூட்டு அது. திறந்த தந்தி ஒன்றேனும் அதில் இல்லை. பழகத் தொடங்கிய முதல் மாதத்திலே அதனோடு போராடி வாத்தியத்தை ஆணியில் மாட்டியவர் பலர். நான்காம் மாதம் வரையில் அதனைத் தொடவேண்டாம். அதுவரை எவ் வருகின்ற பாட்டுகளை விட்டு, வராத பாட்டுகளைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஜீயிலே நடக்கும் பாட்டுகளுக்கு அது பெரும்பாலும் வேண்டியதில்லை.

கடற்காற்று வீசும் ஊர்களிலே உருக்குத் தந்தி விரைவிலே துருப்பிடிக்கும். வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் துடைத்து வையுங்கள். சுவராணியிலே மாட்டுவதாயின் வெயில் படாத சுவராகப் பார்த்து, கை எட்டுகின்ற உயரத்தில் மாட்டுங்கள்.